பூர்த்தியான வயது

பதிமூன்று, பன்னிரண்டு, பதிமூன்று, பதினான்கு, பதிமூன்று, தொண்ணூற்றெட்டு, பதிமூன்று. தொண்ணூற்றெட்டு என்றால் வயது இல்லை, தெரியாது என்று அர்த்தம், அதைக் கழித்துவிட்டுத்தான் சராசரி எடுக்க வேண்டும், போன வாரம் என் உதவியாளர் ஹசீனா கழிக்காமல் எடுத்துவிட்டு, மேடம், ஒரு மாவட்டத்தில் மட்டும் பெண்கள் இருபது வயதில் வயதுக்கு வருகிறார்கள் என்று ஓடி வந்தாள், சிரிக்கக்கூடத் தெம்பில்லை எனக்கு. மணி இரண்டே கால். ஐந்துக்குள் எங்கள் இயக்குநர் ரங்கமணி மேடத்துக்கு ஒரே ஒரு அட்டவணை போக வேண்டும், இந்தியப் பெண்கள் முதல் மாதவிலக்கு அடைந்த வயது, பிறந்த ஆண்டு வாரியாக, மாநில வாரியாக. ஒரே ஒரு அட்டவணைதானே பேச்சியம்மா, தேசிய ஆய்வில் எல்லாம் இருக்குமே என்றார். இருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். நான்கு நாளாகத் தேடுகிறேன். ஒரு சுற்றில் அந்தக் கேள்வி இருக்கிறது, அடுத்த சுற்றில் இல்லை, அதற்கடுத்த சுற்றில் சின்னப் பெண்களிடம் மட்டும் கேட்டிருக்கிறார்கள், வேறொன்றில் கல்யாணமானவர்களிடம் மட்டும். கேள்வித்தாளில் அதற்கென்று ஓர் இடமும் கிடையாது, ஒரு தடவை திருமணம் என்ற தலைப்பின் கீழே, ஒரு தடவை கருத்தடைக்குப் பக்கத்தில், கல்யாண வீட்டில் யாரும் இடம் சொல்லாத தூரத்துச் சொந்தம் போல எங்கேயாவது ஒண்டிக்கொண்டு நிற்கிறது. எடை உண்டு, உயரம் உண்டு, இரத்தத்தில் இரும்பு எவ்வளவு என்பது உண்டு, வீட்டில் கொசுவலை உண்டா என்பது உண்டு. இது மட்டும் எழுநூறு பக்கக் குறியீட்டுப் புத்தகத்தில் ஒற்றை வரி. கண் எரிகிறது. இடுப்பு காலையிலிருந்து கழன்று விழுகிற மாதிரி இருக்கிறது, மூன்று மாதமாக வராமல் இருந்து, சரி இனிமேல் அவ்வளவுதான் என்று அலமாரியிலிருந்த பாக்கெட்டைக்கூடப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்த பிறகு, இன்று காலை ரயிலில் நிற்கும்போது வந்துவிட்டது. நாற்பத்தாறு வயது. வந்தது எப்போது என்று தெரியாதவர்கள் இத்தனை ஆயிரம் பேர், போவது எப்போது என்று தெரியாமல் நான்.

ஃபேன் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை க்ளிக் என்கிறது. பதிமூன்றில் ஒரு மலை மாதிரி குவிந்திருக்கிறது. இவ்வளவு பேரும் பதிமூன்றிலா வந்தார்கள்? ரங்கமணி மேடம் அதை வயதுக் குவியல் என்பார், ஞாபகம் இல்லாதவர்கள் பொதுவான எண்ணைச் சொல்வது. நான் இருபத்திரண்டு வயதில் இதே மாதிரி ஓர் ஆய்வுக்குக் கேள்வி கேட்கப் போனவள், எனக்குத் தெரியும். நீங்கள் வயதுக்கு வந்தபோது உங்களுக்கு எத்தனை வயது பூர்த்தியாகியிருந்தது? அப்படியே அச்சில் இருந்தபடி வாசிக்க வேண்டும், ஒரு சொல் மாற்றக் கூடாது. அந்தப் பெண்கள் பூர்த்தியாகியிருந்தது என்ற சொல்லிலேயே சிரித்துவிடுவார்கள். ஒருத்தி எங்க அக்கா கல்யாணத்துக்கு முந்தின ஆடியில என்றாள். ஒருத்தி கம்மாய் உடைஞ்ச வருசம் என்றாள். வயசுல சொல்லுங்கம்மா. வயசுல எப்படிச் சொல்ல, வயச யாரு எண்ணுனா? நான் கம்மாய் உடைந்த வருஷத்தைக் கணக்குப் போட்டு, அவள் கடைசிப் பிள்ளைக்கு என்ன வயது என்று கேட்டு, அதிலிருந்து பின்னால் போய், பதிமூன்று என்று எழுதினேன். பருத்திக் காட்டு ஓரத்தில் ஒரு வீட்டில், புருஷன் வெளியே போயிருந்தான், நாத்தனாரும் பக்கத்தில் இல்லை, கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு என் வயதுதான் இருக்கும் ஒருத்தி, எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டு, இவ்வளவு கேக்கியே, ஒனக்கு எத்தன வயசுல என்று கேட்டாள். பயிற்சியில் சொல்லியிருந்தார்கள், உங்கள் விஷயத்தைப் பேசாதீர்கள் என்று. நான் பட்டென்று சொன்னேன், பதிமூணு. கண் சிமிட்டாமல் சொன்னேன். யோசிக்கவே இல்லை என்பதுதான், யோசிக்காமல் வருகிற அளவுக்கு அது எனக்குள் ஊறியிருந்தது, என் பெயரைக் கேட்டால் பேச்சியம்மா என்கிற மாதிரி. சரி, இந்தக் கோப்பை மூடிவிட்டு மறுபடியும் திறந்தால் வேகமாக ஓடும். ஓடவில்லை.

ஹசீனா பக்கத்து மேசையிலிருந்து நாற்காலியோடு உருண்டு வருகிறாள். நல்ல பெண், இருபத்தைந்து வயது, எதையும் சந்தோஷமாகச் செய்வாள், அவளைப் பார்த்தாலே எனக்கு அலுப்பு கூடுகிறது, அது அவள் குற்றமில்லை. "மேடம், நம்ம புதுக் கேள்வித்தாளுக்கு ஒத்திகை பாக்கணும். நாப்பத்தஞ்சு தாண்டின ஒருத்தர் வேணும். உங்களக் கேக்கலாமா? ரெண்டே நிமிஷம்." கேள் என்கிறேன். அச்சில் இருந்தபடி வாசிக்கிறாள், நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே, ஒரு சொல் மாற்றாமல். பதிமூன்று என்கிறேன். "எப்படி ஞாபகம் வச்சிருக்கீங்க?" இது நாங்கள் புதிதாகச் சேர்த்த கேள்வி, நான்தான் சேர்க்கச் சொன்னேன், ஞாபகம் எவ்வளவு உறுதி என்று பார்க்க. "சடங்குப் பத்திரிகை இருக்கு. வைகாசி, தேதி, நேரம் எல்லாம் அச்சடிச்சது. எங்கம்மா பெட்டியில இன்னும் இருக்கு. நேரத்த வச்சு ஜாதகம்கூட எழுதினாங்க, அத வச்சுத்தான் எனக்குக் கல்யாணப் பொருத்தமே பாத்தாங்க." அவள் கண் விரிகிறது. "ஐயோ சூப்பர் மேடம், ஆவணத்தோட இருக்கு," என்று சந்தோஷமாக ஒரு கட்டத்தில் டிக் போட்டுவிட்டு உருண்டு போகிறாள். ஆவணம். நான் திரையைப் பார்க்கிறேன், எண்கள் ஓடுகின்றன, எதுவும் கண்ணில் ஏறவில்லை. நான்கு நாளாக ஊரார் சொன்ன வயதையெல்லாம் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறேன், ஆவணத்தோடு இருக்கிற என் வயது முழுப் பொய்.

பதினொன்று. ஏழாம் வகுப்பு, ஐப்பசி, அரைகுறை மழை, பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பாவாடையைப் பார்த்து ஏதோ பூச்சி கடித்துவிட்டது என்று நினைத்தேன். அம்மா அடுப்படியில் இருந்தாள். பார்த்தாள். குலவையிட வேண்டியவள், பக்கத்து வீட்டைக் கூப்பிட வேண்டியவள், கதவைச் சாத்தினாள். என் வாயைப் பொத்தினாள், நான் கத்தவே இல்லை, ஆனாலும் பொத்தினாள், அவள் கையில் உரித்த பூண்டு வாசம். யார்ட்டயும் சொல்லக் கூடாது, அப்பாட்ட சொல்லக் கூடாது, பெரியப்பா வீட்ல மூச்சு விடக் கூடாது. பெரியப்பாவின் எண்ணெய் மில்லில்தான் அப்பாவுக்கு வேலை, பெரியப்பா வாங்கிக்கொடுத்த வீட்டில்தான் நாங்கள் இருந்தோம். பெரியப்பா மகள்கள் இரண்டு பேரையும் வயதுக்கு வந்த மறுநாளோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தினார்கள். இரண்டாவது அக்கா அன்றைக்குக் கணக்குப் பரீட்சை எழுத வேண்டும் என்று கேட்டு அழுதது, வாசலில் கட்டிய ஓலைக் குச்சலுக்குள் உட்காரவைத்து இளநீர் கொடுத்தார்கள். அம்மா பள்ளிக்கூடமே போகாதவள். எதற்கு அவளுக்கு அந்த வைராக்கியம் வந்தது என்று நான் கேட்டதே இல்லை, அவளும் சொன்னதில்லை. பத்தொன்பது மாதம் மறைத்தாள். நான் எட்டாவது முடிக்கிற வரை, தூத்துக்குடி கன்னியர் மடத்துப் பள்ளி விடுதியில் எனக்கு இடம் கிடைக்கிற வரை, தலைமையாசிரியர் எல்லோர் முன்னாலும் கேட்டு, பெரியப்பா மறுக்க முடியாமல் சரி அனுப்புங்க என்று வாக்குக் கொடுக்கிற வரை. அவர் வாக்குக் கொடுத்த ஒன்பதாம் நாள் அம்மா குலவையிட்டாள். நேரம் கேட்டார்கள். காலை ஆறு நாற்பது என்றாள், கூசாமல்.

அந்தப் பத்தொன்பது மாதம் எப்படி நடந்தது? நாள் நாளாக ஞாபகம் இல்லை, பயம்தான் ஞாபகம் இருக்கிறது, வயிற்றுக்குள் ஒரு கூழாங்கல் மாதிரி. துணி. அம்மாவின் பழைய சேலைத் துணி. விடியும் முன்னால் அவளே அலசி, கொல்லையில் விறகுக்கு அடுக்கியிருந்த பருத்திமார்க் கட்டுகளுக்குப் பின்னால், வெயில் ஒரு விரல்கடைதான் விழும் இடத்தில் காயப்போடுவாள். அது முழுசாகக் காயவே காயாது. ஈரத்துணியின் அரிப்பு. பள்ளியில் கோகோ விளையாடக் கூடாது, யாராவது கேட்டால் காலில் சுளுக்கு. பங்குனிப் பொங்கலுக்கு முளைப்பாரி தூக்கச் சொன்னார்கள், சரியாக அன்றைக்கு வந்துவிட்டது. மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். தூக்கினேன். சட்டி தலையில், ஈர நாற்று நெற்றியில் உரச, அம்மன் சன்னிதியை மூன்று சுற்று, தீட்டோடு தூக்கினால் கண் அவிந்துவிடும் என்று ஒவ்வொரு சுற்றிலும் கண்ணை இறுக்கிக்கொண்டு நடந்தேன். அம்மா கூட்டத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் உதடு ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது. என் கண் அவியவில்லை. பதினோராம் நாள் அப்பாவின் வலது கை மில் பெல்ட்டில் மாட்டி இரண்டு விரல் போனது. கையில் வேட்டியைச் சுற்றி அவரை வண்டியில் ஏற்றும்போது அம்மா அழவில்லை, என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எந்தக் கட்டத்தில் எழுதுவது? நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. பேசாமல், இரண்டு பேருக்கும் தெரிந்த ஒன்றாக அது இருந்தது, நாம்தான் என்று. விடுதியில் சிஸ்டர்கள் மாதாவுக்கு முன்னால் முழங்காலிடச் சொல்லும்போதும் நான் அப்பாவின் விரலுக்காகத்தான் முழங்காலிட்டேன். அப்புறம் படித்தேன், புள்ளியியல், மக்கள்தொகை, பெல்ட்டுக்குத் தடுப்பு போடாத மில்லில் விரல் போவதற்கு நிகழ்தகவு என்ன என்று என்னால் சொல்ல முடியும். படித்தது மேலேதான் இருக்கிறது, கூழாங்கல் கீழே.

மூன்று பத்து. நிரல் ஓடிக்கொண்டிருக்கிறது, இன்னும் பத்து நிமிடம் ஆகும். அம்மாவைக் கூப்பிடுகிறேன். ஏன் என்று தெரியவில்லை, அவள் வாயால் பதினொன்று என்று ஒரு தடவை கேட்டால் போதும் என்று தோன்றுகிறது, உலகத்தில் அது தெரிந்தவர்கள் இரண்டே பேர், அவளுக்கு எழுபது. மாடிப்படியில் போய் நிற்கிறேன்.

"என்ன தாயி, இந்நேரத்துல?" அம்மாவுக்குக் காது மந்தம், எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். பின்னால் குக்கர் சத்தம்.

"சும்மாதாம்மா. நான் எப்ப வயசுக்கு வந்தேன்?"

பாடம் ஒப்பிக்கிற மாதிரி, "எட்டாப்பு முடிச்சு லீவுல. வைகாசி. காலையில ஆறு நாப்பது. எதுக்குக் கேக்க?"

ஆறு நாற்பது. பெரியப்பா செத்துப் பன்னிரண்டு வருஷம். மில்லை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டியாகிவிட்டது. இன்னும் ஆறு நாற்பது. "ஆபீஸ்ல ஒரு கணக்குக்கும்மா. நெசமான வயசு வேணும்."

"நெசந்தான். பத்திரிக இருக்குல்லா."

அப்போதுதான் அப்பா குரல், தூரத்திலிருந்து, கட்டிலில் படுத்தபடிதான் இருக்கும். "ஏழாப்பு படிக்கும்போதே ஆயிட்டா. ஐப்பசியில. ஆபீசுக்குன்னா சரியாச் சொல்லு."

கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன், வெயிலில் காய்ந்து சுட்டது, கையை எடுக்கத் தோன்றவில்லை. "அப்பா, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"துணி காத்துல வந்து தொழுவத்துல கெடந்துச்சு. ஒங்கம்மா தீட்டுன்னா மூணு நாளு தனியா உக்காருவா. அவ உக்காராத நாள்ல துணி கெடந்தா யாரோடதாம்? எடுத்துக் கொண்டுபோய்ப் பழைய எடத்துலயே போட்டேன். பறக்காம இருக்க ஒரு கல்லத் தூக்கி வச்சேன்."

"அந்தக் கல்லு நீங்க வச்சதா?" அம்மா. இப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை. "யாரோ பாத்துட்டாவன்னு ரெண்டு நா சோறு எறங்காமக் கெடந்தேன். நீங்க வச்சதா?"

"நாந்தான்."

"ஏன் சொல்லல?"

"தெரிஞ்சுபோச்சுன்னா அண்ணன்ட்ட சொல்லணும். அவரு நிறுத்துன்னுவாரு. தெரியாதுன்னா தெரியாதுதான். புள்ள படிக்கட்டும்னு விட்டுட்டேன்." அவர் குரலில் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது, பாவம்.

"அண்ணன்ட்ட சொல்லாண்டாம். ஏங்கிட்ட?"

"நீ பயந்துகிட்டு இருந்தாத்தான் கவனமா இருப்பன்னு நெனச்சேன்."

அம்மாவின் மூச்சு ஸ்பீக்கரில் மோதி மோதிக் கேட்டது. பிறகு மெதுவாக, என்னிடமா அவரிடமா தெரியவில்லை, சொன்னாள்: "வெரலு போனப்ப, நான் செஞ்ச பாவம்னு நெனச்சேன். ஒங்களுக்குத் தெரியாம ஒளிச்சதுக்குத்தான் ஆத்தா கேட்டுட்டான்னு நெனச்சேன். முப்பத்தஞ்சு வருசமா ஒவ்வொரு பங்குனிக்கும் மாவெளக்கு எடுக்கேன். ஒங்க கையப் பாக்கும்போதெல்லாம். சோறு பெசையும்போதெல்லாம்." போன் வைத்துவிட்டாள்.

மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. அப்பாவிடம் போன் கிடையாது. மறுபடி. எடுக்கவில்லை. எழுபது வயது, ரத்தக் கொதிப்பு மாத்திரை காலையில் போட்டாளா? குக்கரை இறக்கினாளா? நான் ஏன் கேட்டேன், ஒரு எண்ணுக்காக, நிம்மதியாக இருந்தவர்களை, நிம்மதி என்றால், அவள் நிம்மதியாகவா இருந்தாள்? இருக்கவில்லை என்பதைத்தானே இப்போது சொன்னாள். அப்பா மீது கோபம் வருகிறதா என்று எனக்குள் தேடிப் பார்த்தேன். வருகிறது, கூடவே அந்தக் கல்லை வைக்கிற கை கண்ணில் வருகிறது, அப்போது ஐந்து விரலும் இருந்த கை. ஒரு கையால் என்னைப் படிக்கவிட்டு இன்னொரு கையால் அவளைப் பயத்தில் வைத்திருந்தார். எனக்குக் கிடைத்தது படிப்பு, அவளுக்கு மாவிளக்கு. அவர் முற்றத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒன்றும் தெரியாதவர் போலப் பல் துலக்கிய காலைகளெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வருகின்றன, ஒவ்வொன்றிலும் அவருக்குத் தெரியும். மூன்று பேரும் ஒரே வீட்டில், ஒரே விஷயத்தை, தனித்தனியாகத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறோம். களைப்பு இன்று வந்ததில்லை போலிருக்கிறது. படியில் உட்கார்ந்துவிட்டேன். யாரோ ஃபைலோடு என்னைத் தாண்டி இறங்கிப் போனார்கள், உடம்பு சரியில்லையா மேடம் என்றார்கள், இல்லை என்றேன், எதற்கு இல்லை என்று சொன்னேன் என்று தெரியவில்லை.

உள்ளே வந்தேன். நிரல் முடிந்து எண்கள் வரிசையாக நின்றன, தொண்ணூற்றெட்டெல்லாம் கழிந்து சுத்தமாக. ஹசீனாவிடம் போய், "அந்த ஒத்திகைத் தாள்ல என் வயசப் பதினொண்ணுன்னு மாத்திடு," என்றேன். "ஆவணம் இருக்குன்னு சொன்னீங்களே மேடம்?" "ஆவணம் பொய்." அவள் என் முகத்தைப் பார்த்தாள், கேட்க வந்ததைக் கேட்கவில்லை, நல்ல பெண். பதிமூன்றை அடித்துவிட்டு, ஞாபகம் எப்படி என்ற கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு, "இங்க என்ன போடட்டும்?" என்றாள். சுயநினைவு, தாய் சொன்னது, ஆவணம், தெரியாது. நான்கே கட்டம், நான்தான் வகுத்தேன். "ஓரத்துல எழுது. தகப்பனார் சொன்னதுன்னு." நான் அறிந்த எந்த ஆய்வும் இதை ஆண்களிடம் கேட்டதில்லை, கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. ரங்கமணி மேடத்துக்கு அட்டவணையை அனுப்பினேன், கீழே ஓர் அடிக்குறிப்பு வைத்தேன், இவை நினைவிலிருந்து சொல்லப்பட்டவை. இவை பெண்கள் சொல்ல விரும்பிய வயதுகள். பதில் உடனே வந்தது. இரண்டாவது வாக்கியம் வேண்டாம், எடுத்துவிடு. எடுக்கவில்லை. அப்படியே விட்டேன், வேண்டுமென்றால் அவரே எடுத்துக்கொள்ளட்டும்.

ஐந்தரைக்கு ரயில் நடைமேடையில் நிற்கும்போது அம்மா கூப்பிட்டாள். கூட்டத்தின் இரைச்சலில் காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். இந்தத் தடவை ஸ்பீக்கர் போடவில்லை, குரல் பக்கத்தில் இருந்தது.

"ஏன்மா எடுக்கல? பயந்துட்டேன்."

"என்னத்துக்குப் பயப்படுத? கொல்லையில உக்காந்திருந்தேன்." பிறகு, "நாலு மணிக்குக் காப்பி போடல," என்றாள். ஐம்பது வருஷத்தில் காய்ச்சலோடுகூட அவள் நாலு மணிக் காப்பியைத் தவறவிட்டதில்லை. "அவருக்கு வேணும்னா அவரே போடட்டும்னு உக்காந்துட்டேன். அஞ்சு மணி வரைக்கும் கெடந்து பாத்தாரு. அப்புறம் அடுப்படியில உருட்டுற சத்தம். எத எங்க வச்சிருக்குன்னுகூடத் தெரியாது அந்த மனுசனுக்கு. பால அடுப்புல ஊத்தி, ஒரே தீச்ச வாட. ரெண்டு கிளாசுல ஊத்திக் கொண்டாந்தாரு. எம் பக்கத்துல வச்சுட்டு நின்னுகிட்டே இருந்தாரு."

"குடிச்சியா?"

ரயில் வந்துகொண்டிருந்தது, எல்லோரும் முன்னால் நெருக்கினார்கள்.

"சீனியே போடல," என்றாள் அம்மா. "குடிச்சேன்."